சக்கரத்துல கட்டின துண்டு

லைஃப் ஜாக்கெட்ட வெயில்ல காயப் போடக் கூடாது மேடம். நெறைய பேருக்கு இது தெரியாது. வெயில்ல போட்டா உள்ள இருக்குற சரக்கு இத்துப்போயிடும். மேல பாத்தா புதுசாட்டம் இருக்கும், தண்ணியில எறங்குனா ஆளத் தூக்காது. நான் எப்பவும் நெழல்லதான் மாட்டுவேன், புளியமரத்துக்கும் போட் ஷெட்டுக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டி. உங்க போலீஸ்காரங்க அதையெல்லாம் அள்ளிப் பாறை மேல போட்டுட்டு கேட்டப் பூட்டிக்கினு போயிருக்காங்க. அதப் பாத்ததுலேர்ந்து எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல. அதான் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்த டேபிள் ஃபேன் ஒயரக் கொஞ்சம் செவுத்தோரமாத் தள்ளிக்கட்டுமா? யாராச்சும் கால் தட்டி விழுவாங்க.

எனக்கு அப்படித்தான் மேடம், கை சும்மா இருக்காது. வீட்ல கலைவாணி சொல்லுவா, "இன்னா, கால்ல சக்கரமா கட்டிக்கினு இருக்கீங்க, செத்த நேரம் உக்காந்து சாப்புடுங்களேன்"னு. எப்படி உக்கார்றது? செஞ்சியில கோட்ட ஏறி எறங்குன ஜனம், மெட்ராஸ்காரங்க, பாண்டிக்காரங்க, வேர்த்து விறுவிறுத்து என் அணைக்குத்தான் வருது. ரெண்டு பாறைக் குன்னுக்கு நடுவுல எங்க நைனா மண்ணக் கொட்டிப் போட்ட கரை அது. சொந்த நெலம், சொந்தத் தண்ணி. பெடல் போட் விட்டேன். குளிக்கற எடத்தச் சுத்தி டிரம்ம மெதக்கவிட்டு கயிறு கட்டினேன். குடிச்சிட்டு வந்தவன் மந்திரி மச்சானா இருந்தாலும் கேட்டோட திருப்பி அனுப்பினேன். வாசல்ல ஒரு போர்டு இருக்குதே, பாத்திருப்பீங்க. 'இங்கு இதுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை.' நானே பெயிண்ட் அடிச்சது. எனக்குன்னு ஊருல இருக்குற மரியாதையே அந்த ஒரு வரிதான்.

காஸ்பரப் பத்திக் கெட்டதா ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்ல புள்ள. கரைக்குக் கீழ மாதா கோயில் தெருவுல வீடு. என்கிட்ட போட் பாத்துக்கினு இருந்தான். மீனுகூட அவன்கிட்ட நீச்சக் கத்துக்கணும். முழுகப் போன ஜனத்த எத்தினியோ வாட்டி முடியப் புடிச்சித் தூக்கிக்கினு வந்திருக்கான். ஜாக்கெட் போட வெச்சது நான், கயிறு கட்டினது நான், ஆனா புள்ளைங்க எல்லாம் "காஸ்பர் அண்ணா, காஸ்பர் அண்ணா"ன்னுதான் அவன் பின்னாலயே ஓடும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுல ஒரு குடும்பம் ஆட்டோக்காரன்கிட்ட, "காஸ்பர் டேம் போகணும்"னு கேட்டத என் காதால கேட்டேன். அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. பொறாமைதான் மேடம். அத இல்லைன்னு சொல்லி இன்னா ஆவப்போவுது?

ஆனா நான் செஞ்சது பொறாமையில இல்ல. அத நீங்க புரிஞ்சிக்கணும்.

மழை முடிஞ்சதும் கலங்கல்ல, அதான் அதிகத் தண்ணி வழிஞ்சு போற எடத்துல, மணல் மூட்ட அடுக்கி தண்ணிய ஏத்தி வெச்சிருந்தேன். கோடையிலயும் போட் ஓடணும்ல. மார்கழியில கரை அடியில தண்ணி கசிஞ்சுது. மண் கரைன்னா கசியத்தான் செய்யும், கரை வேர்க்குதுன்னு சொல்லுவாங்க. தெளிஞ்சு வந்தா பயமில்ல. கலங்கி வந்தா, உள்ளுக்குள்ள மண்ணு அரிச்சிக்கினு போவுதுன்னு அர்த்தம். இது கலங்கி வந்துச்சு. மொதல்ல பாத்தவனே நான்தான். பாத்துட்டு ஓலத் தட்டி ஒண்ண சாத்தி மறச்சு வெச்சேன். காணும் பொங்கல் முடியட்டும், அப்பறமா தண்ணிய மெதுவா எறக்கிக்கலாம்னு இருந்தேன்.

காஸ்பர் தட்டிய நகத்திப் பாத்துட்டான்.

"அண்ணா, இன்னாண்ணா இது, செம்மண்ணா வருது. மூட்டையப் புடுங்கிட்டு ஷட்டரத் தொறந்து உடுங்க."

"காணும் பொங்கல் ஆவட்டும்டா."

"காணும் பொங்கலுக்குத்தாண்ணா ஜனம் மொத்தமும் கரை மேல நிக்கும். கீழ எங்க தெரு இருக்குது. செல்வராணி இருக்குறா, புள்ளைங்க இருக்குது. வெளயாட்டா இது?"

நான் தட்டிய எடுத்துத் திரும்பச் சாத்தினேன். அவன் சொன்னான், "நீங்க தொறக்கலன்னா நான் தாலுக்கா ஆபீசுல போய் சொல்லிடுவேண்ணா. கோவிச்சிக்காதீங்க."

அவன் சொன்னா ஊரே நம்பும். காணும் பொங்கல் அன்னிக்கு ஆபீசருங்க வந்து கேட்டப் பூட்டிட்டா, தனசேகரன் அணை ஓட்ட அணைன்னு நாலு பேரு பேசுனா? ஊர் வாய மூட ஒலமூடி எங்க இருக்குது? அந்த ஒரு வாரமும் நான் தூங்கல. கரை மேல நடப்பேன், கயித்த இழுத்துப் பாப்பேன், ஜாக்கெட் பக்கிள மாட்டிக் கழட்டுவேன், திரும்ப நடப்பேன். அப்பறந்தான் ஒண்ணு புரிஞ்சுது. என் அணைக்கு ஆபத்து தண்ணியால இல்ல, அவன் வாயாலதான்.

இப்ப துண்டப் பத்திச் சொல்றேன். நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மதகு வாயில பாசி அடைக்கும், பிளாஸ்டிக் பை அடைக்கும். ஆள் முழுகித்தான் எடுக்கணும். மேல ஷட்டரத் தூக்குற சக்கரம் இருக்குது. ஆள் கீழ இருக்கும்போது அத லேசாத் திருப்பினாக்கூட, தண்ணி ஆள இழுத்து வாயோட வெச்சு அழுத்திக்கும். அதுக்கப்பறம் யானை கட்டி இழுத்தாலும் வராது. அதனால முழுகப் போறவன் தலத்துண்ட அவுத்து சக்கரத்துல கட்டிட்டுதான் எறங்குவான். துண்டு இருக்குற சக்கரத்த எவனும் தொடக் கூடாது. கட்டினவனே மேல வந்துதான் அவுக்கணும். எங்க நைனா காலத்துலேர்ந்து இதுதான் வழக்கம். பெத்த அப்பனே சொன்னாலும் அவுக்க மாட்டோம்.

போகி அன்னிக்குக் காலையில, பழைய பாய கொளுத்துன பொக இன்னும் கலையல, நான் காஸ்பரக் கூப்பிட்டேன். "நீ சொன்னதுதாண்டா சரி. தண்ணிய எறக்கிடலாம். மொதல்ல வாயில இருக்குற பாசிய எடுத்துடு, அப்பறம் தொறக்கறேன்"னேன்.

அவன் மூஞ்சியப் பாக்கணுமே. "எனக்குத் தெரியுண்ணா, நீங்க நல்லவரு"ன்னான். நீலக்கட்டம் போட்ட துண்டு. இறுக்கி முடிச்சுப் போட்டான். நெத்தியிலயும் நெஞ்சுலயும் சிலுவ போட்டுக்கினு குதிச்சான். மொதல் முழுக்குல ஒரு கை பாசியோட மேல வந்து சிரிச்சான். ரெண்டாவது முழுகினான்.

நான் துண்ட அவுத்தேன். எனக்கு எப்பவும் இருக்குற படபடப்பு அன்னிக்கு இல்ல மேடம். மனசு நெறகொளமாட்டம் நின்னுது. துண்ட உதறி, மடிச்சு, தோள்ல போட்டுக்கினு சக்கரத்தத் திருப்பினேன். நான் கிரீஸ் போட்டு வெச்ச சக்கரம், சத்தமே போடாது. கொஞ்ச நேரம் குமிழி வந்துச்சு. குமிழி நின்னப்பறமும் கொஞ்சம் பொறுத்துத்தான் மூடினேன். போய் துண்டக் கயித்துல காயப் போட்டேன், நெழல்ல. அப்பறம் ஆள் கூப்பிட்டுக் கத்திட்டு நானும் குதிச்சேன். ஜாக்கெட் போட்டுக்கினுதான் குதிச்சேன். அவசரம்னு ரூல்ச மீறக் கூடாது.

அவனக் கரையில தூக்கிப் போட்டதும் அவன் பொண்டாட்டி செல்வராணி ஓடியாந்தா. அவன் மேல விழுந்து அழுவான்னு பாத்தேன். அவ சக்கரத்தத்தான் பாத்தா.

"அண்ணா, அவரு துண்டு எங்க?"

"கயித்துல காயுதும்மா. கட்ட மறந்துட்டான் போல."

"அவரு சாமி கும்புட மறந்தாலும் அத மறக்க மாட்டாருண்ணா."

அவ்வளவுதான் கேட்டா. உங்ககிட்டயும் சொல்லியிருப்பா, நீங்க காதுல வாங்கியிருக்க மாட்டீங்க. வாங்கியிருந்தா, 'ஷட்டர் பழசு, தானா நழுவிடுச்சு, பராமரிப்பு இல்லாததால் விபத்து'ன்னு எழுதி கேட்டப் பூட்டியிருக்க மாட்டீங்க.

எனக்கு அந்த வார்த்ததான் மேடம் தாங்கல. பராமரிப்பு இல்லையா? வேணும்னா வந்து அந்தச் சக்கரத்துல கை வெச்சுப் பாருங்க, வெண்ணெயாட்டம் சுத்தும். தானா நழுவுறதுக்கு அது இன்னா அரசாங்கத்து மதகா? விபத்துன்னு ஒரு வார்த்த எழுதி, என் போர்ட பொய்யாக்கிட்டீங்க. நான் பாத்து, அவன் முழுகற வரைக்கும் நின்னு பாத்து, என் கையாலதான் தொறந்தேன். இதுல விபத்து எங்கேர்ந்து வந்துச்சு?

எழுதிக்குங்க, நான் கையெழுத்து போடறேன். எத்தினி வருசம் வேணும்னாலும் போடுங்க, நான் போறேன். ஆனா தப்பு செஞ்சது நான். அணை ஒரு தப்பும் செய்யல. கசிவு முன்னக்காட்டியும் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் வருது, நான் வரும்போது இன்னொரு தட்டி சேத்து சாத்திட்டேன், பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு காணும் பொங்கல் மேடம். சாவியக் குடுத்து யாரையாச்சும் அனுப்பி கேட்டத் தொறக்கச் சொல்லுங்க. ஜாக்கெட்ட மட்டும் நெழல்ல மாட்டச் சொல்லுங்க. காலையிலயே புள்ளைங்க வந்துடும், பூட்டியிருந்தா ஏமாந்து போயிடும்.