ஆறு நிமிஷ மேடம்

மேடையில் இருக்கும் பேருந்துக் கழக மேலாளர் அவர்களே, என் ரயில்வே மேலதிகாரி அவர்களே, ஓட்டுநர், நடத்துநர் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் மாமா, அத்தை, எல்லோருக்கும் வணக்கம்.

மன்னிக்கவும், உட்கார்ந்தே பேசுகிறேன். காய்ச்சல் என்று படுத்த என் மனைவி போய்ப் பத்தொன்பது நாளாகிறது. நிற்கத் தெம்பில்லை.

இங்கே பேசியவர்கள் அவளைப் பேருந்துக் கழகத்தின் கால அட்டவணை அதிகாரி என்றார்கள். டிப்போவில் அவளுக்கு வேறு பெயர்: ஆறு நிமிஷ மேடம். அந்தப் பெயர் ஏன் வந்தது? என்னால் வந்தது.

ரயில் 7.42-க்கு வரும். நடைமேடையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளந்த பொறியாளர் நான்தான். ஒரு விடுமுறை நாளில், வெறுங்கையோடு நடந்து அளந்தேன். இரண்டு நிமிடம். அதை நம்பி 7.44-க்குப் பேருந்து கிளம்பியது. அதை விட்டால் அடுத்தது ஐம்பது நிமிடம் கழித்து.

ஒரு வேலை நாளில் என்னை அங்கே அழைத்துப் போனாள். இரண்டு கையிலும் கனமான பைகளைக் கொடுத்தாள். எனக்கு முன்னால் முட்டி வலியோடு ஓர் அம்மா படி இறங்கிக்கொண்டிருந்தார். குறுகலான படி, யாரைத் தாண்டுவது? கீழே வந்தபோது பேருந்தின் பின்பக்கம்தான் தெரிந்தது.

"இப்ப எவ்வளவு ஆச்சு, இன்ஜினியர் சார்?"

ஆறு நிமிடம். ஒரு நாளை வைத்துக் கணக்குப் போட முடியாது என்றேன். சரி என்று, தனியாக இருபத்துமூன்று நாள் நடந்தாள். ஆறுக்குக் குறையவே இல்லை.

பிறகு சோதனை முறையில் பேருந்து 7.48 வரை நிற்க அனுமதி வாங்கினாள். முதல் நாளே ஓட்டுநர் அண்ணன் கேட்டிருக்கிறார்.

"நின்னா ஆபீஸ்ல திட்டு, கிளம்புனா ஜனங்ககிட்ட திட்டு. நான் எதை வாங்கட்டும் மேடம்?"

"ஆபீஸ் திட்டை என் பக்கம் தள்ளி விட்டுடுங்கண்ணே."

தள்ளினார்கள். வாங்கினாள். அதில் பாதி, என் இரண்டு நிமிடக் கணக்கைக் காட்டி எங்கள் அலுவலகத்திலிருந்து போனது. நான் வாயைத் திறந்தேனா? இல்லை. நான் கையெழுத்துப் போட்ட கணக்கு தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் அவளும் கேட்டதில்லை. இரண்டு ஆபீஸும் வாசலோடு சரி என்பாள்.

வரும் திங்கட்கிழமை சோதனை முடிகிறது; அன்று இரண்டு அலுவலகமும் கூடி முடிவெடுக்கும். ரயில்வே கணக்கில் இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அதை மாற்றாவிட்டால் பேருந்து மறுபடி 7.44-க்கே கிளம்பிவிடும்.

மேலதிகாரி அவர்களே, இதை உங்கள் அறையிலேயே சொல்லியிருக்கலாம். அங்கே சொன்னால் பின்வாங்கிவிடுவேனோ என்று பயம். அதனால் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். நான் அளந்தது தப்பு. அவள் அளந்தது சரி. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவளுடைய நாற்காலியில், உங்களுக்கு எதிர்ப்பக்கம் உட்காருவேன்.

திருத்தக் கடிதம் இதோ. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.