கேரட் கழுவும் மிஷினுக்கு மூன்று விலை

லிந்துலையில் பஸ் ஏறினப்போ பின் சீட்டில் நான், தூங்கி வழிந்த ஒரு அக்கா, கையெல்லாம் கிரீஸோட ஒருத்தர், அவர் மச்சினன், அவ்வளவு பேர்தான்.

"யாருமே செய்யாத மிஷினுக்குத்தான் அரசாங்கம் காசு தருமாம். ஆனா மூணு கடையில அதுக்கு விலை எழுதி வாங்கிட்டு வரணுமாம்," என்றார் கிரீஸ் கைக்காரர்.

"அதான் நீங்க செஞ்ச கேரட் கழுவுற மிஷினுக்கு நானும் ஒரு விலை எழுதிக் குடுத்தேனே மச்சான்."

"என் விலைய விடக் கூட்டி எழுதுன்னா, கொறச்சி எழுதிட்டியேடா!"

"கூட்டி எழுதுனா நம்மள அநியாயக்காரன்னு நெனப்பாங்கல்ல?"

"இப்ப கொறஞ்ச விலைக்காரன்கிட்டதான் மிஷின் வாங்கணுங்கிறாங்க."

"என்கிட்டயா? நான் கோழிக்கடைதானே வச்சிருக்கேன்!"

மச்சினன் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து கேட்டார்.

"காசு வந்துரும்னு வெல்டிங் கடையில கடன் சொன்னீங்களே, எவ்வளவு பாக்கி?"

"எண்பத்தஞ்சாயிரம் ரூபா."