வெந்துபோன பிடரி

தூணில் தோன்றிய பெருமானே, துணை நின்றருள்க.

இன்று நரசிம்மருக்குரிய சுவாதித் திருநாள். திருவரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குச் செல்லும் பேருந்தில், முன்னிருக்கைப் பெண்மணி தம் தோழியிடம் வெகுண்டுரைத்தார்:

"என் நரசிம்மரை வேகவெச்சுட்டாங்கடி!"

அவர் மடியில், நாடகத்தில் நரசிம்மராக நடிக்கும் மகனுக்காகத் தைத்த, செயற்கை ரோமத்தாலான சிங்கப் பிடரி.

"பாலியஸ்டர்னு சொல்லியும், சாயக்காரரு பருத்திப் புடவைச் சாயத்துல கொதிக்க வெச்சிருக்காரு. மஞ்சளும் ஏறலை, முடியும் ஒட்டிக்கிச்சு. சாயங்காலம் நாடகம்!"

"கோபமா வர்ற சாமிக்கு முடி கலைஞ்சுதானேடி இருக்கும்?"

"கலைஞ்சிருந்தா பரவாயில்லையே! நனைஞ்ச பூனை மாதிரி இருக்கு. இரணியனே சிரிச்சிடுவான்!"

"அப்ப அந்தச் சாயக்காரரையே இரணியனா நிறுத்து."

பெண்மணி சீப்பெடுத்துப் பிடரியைச் சினத்தோடு சீவத் தொடங்கினார்.

"இறங்கினதும் பெயின்ட் வாங்கி நானே தடவிடறேன். எம்புள்ள சிங்கமாத்தான் வருவான்!"

மாலைக்குள் அப்பிடரி பொன்னாய் விரியட்டும். படிப்போர் யாவரையும் அப்பெருமான் காத்தருள்க.