மதகுக்குள் நுழையாத கப்பல்

— பன்னிரண்டு பீரங்கியா? கேப்டன், நான் கப்பல் வரையுறவன். நீங்க முள்ளம்பன்றி கேக்குறீங்க.

— சரி, எட்டு. ஆனா எட்டும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் வாய். அதுல ஒரு நூல் குறையக் கூடாது, ஹார்ம்ஸ்.

— எட்டு. வேகம்?

— முப்பது நாட்.

— கவசம்?

— கனமா வையும். எதிரி குண்டு வந்து பட்டா, குண்டுக்குத்தான் வலிக்கணும்.

— கேளுங்க கேப்டன். கப்பலுக்கு எடைதான் காசு. பீரங்கிக்குச் செலவழிச்சா கவசத்துக்குக் கிடையாது. கவசத்துக்குச் செலவழிச்சா கொதிகலனுக்குக் கிடையாது. மூணும் கொழுத்துச்சுன்னா கப்பல் நேரா அடியில போய் மீனுக்குத்தான் சேவகம் பண்ணும். இருபது வருஷமா இந்த மேஜையில உக்காந்து நான் பேசுற பேரமெல்லாம் இதுதான்.

— அப்போ உம்மால முடியாதுங்கிறீர்?

— என்னால முடியாததா? இந்தக் கீல் துறைமுகப் பட்டணத்துல என்னால முடியாததை வேற எவன்கிட்ட கொண்டு போவீங்க? அந்த ஜன்னலைச் சாத்துங்க முதல்ல, கீழ ஆணி அறையுற சத்தத்துல பாதி காதுல விழல. சாளை மீன் எடுத்துக்கங்க, இன்னிக்குப் புகை போட்டது. ஐயோ, தலையைக் கிள்ளாதீங்க! எங்க ஊர்க்காரன் பாத்தா சிரிப்பான். முழுசாப் போடுங்க வாயில.

— சாளை இருக்கட்டும். சுருக்கமாச் சொல்லும், எத்தனை டன் ஆகும்?

— நாப்பதாயிரம்.

— எடுத்துக்கும்.

— நாப்பதாயிரம், கேப்டன்!

— காது கேக்குது. எடுத்துக்கும்.

— போன வருஷம் இருபத்தெட்டாயிரம் டன்ல ஒரு கப்பல் வரைஞ்சு தந்தேன். நூறு டன் கூடிப்போச்சுன்னு உங்க ஆபீஸே சேர்ந்து என் கழுத்தைப் பிடிச்சுது. மாலுமிக்கு ரெண்டாவது ரொட்டி அடுப்பு எதுக்குன்னு கேட்டு, அதை அடிச்சு விட்டதே நீங்கதான்.

— அது போன வருஷம்.

— கொதிகலன் எல்லாம் எண்ணெய்ல ஓடணும். நம்ம நாட்டுல எண்ணெய்க் கிணறு எங்க இருக்கு?

— கிடைக்கும். வையும்.

— நீளம் கூடும்.

— கூடட்டும்.

— அகலமும் கூடும். கப்பல் உள்ள வர்ற நம்ம துறைமுக மதகை விட ரெண்டு முழம் அதிகம்.

— பரவாயில்ல.

— பரவாயில்லையா?

— வரையுமய்யா, கேள்வி கேக்காம!

— பென்சிலைக் கீழ வச்சாச்சு, கேப்டன்.

— ஏன், என்ன வந்துச்சு உமக்கு?

— எங்கம்மா ஆல்ட்டோனா மீன் சந்தையில விலாங்கு வித்தவ. ‘பேரம் பேசாம வாங்குறவன் காசு கொடுக்க மாட்டான்டா, கூடையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ’ம்பா. மதகு விஷயம் நான் வேணும்னே ஏத்திச் சொன்னது. வீட்டு வாசல்ல நுழையாத கப்பலுக்கு, கடற்படை கேப்டன் ஒருத்தர் பரவாயில்லங்கிறாரு. இதைக் கட்டப் போறது யாரு?

— ம்ம்.

— மீசையைத் திருகினா பதில் வராது. யாரு?

— யாரும் இல்ல. சுருக்கமாச் சொல்றேன், வெளிய விடாதீர். இது கட்டுறதுக்கு இல்ல. திருட்டுக் கொடுக்கிறதுக்கு.

— என்னது?

— கோபன்ஹேகன்ல ஒரு ஹோட்டல்ல ஒரு இங்கிலீஷ்காரன் தங்கியிருக்கான். நம்ம கடற்படைக் காகிதம் எதுவானாலும் வாங்குறான். நம்ம ஆள் ஒருத்தன், நொடிச்சுப்போனவன் மாதிரி வேஷம் கட்டி, உம்ம வரைபடத்தை இந்தக் கருப்புப் பையில வச்சு அவன்கிட்ட விப்பான். லண்டன்ல பாத்துட்டு வேர்த்துப் போவாங்க. இதை மடக்க இன்னும் பெரிசா நாலு கட்டுவாங்க. அவங்க கஜானா காலி. நமக்குச் செலவு ஒரே ஒரு காகிதம்! எப்படி?

— யோசனை நல்லாத்தான் இருக்கு. அப்போ என் கப்பல்?

— எந்தக் கப்பல்?

— போன வருஷத்துது. மதகுல நுழையும். பக்கத்துல குண்டு துளைச்சாலும் வீடு வந்து சேரும். ஆயிரம் பேர் ஏறினா ஆயிரம் பேரும் இறங்கணும்னு அறை அறையாப் பிரிச்சு வரைஞ்சேன். இத்தனை வருஷத்துல மூக்குல இருந்து வால் வரைக்கும் நானே வரைஞ்சது அது ஒண்ணுதான். இந்த வேலையை முடிச்சா அடுத்தது அதுதான்னு உள்ள வரும்போதே ஆசை காட்டினீங்களே?

— ஆசை காட்டினேன், வாஸ்தவம். ஆனா கப்பல் கட்டுற மேடை எங்கய்யா காலியா இருக்கு? கீழ எட்டிப் பாரும். ரெண்டு மேடையிலயும் புதுக் கப்பல் நிக்குது.

— அதைக் கப்பல்னு சொல்லாதீங்க. கவசத்தைச் சுரண்டி வேகத்துல போட்ட தகர டப்பா. நாலு குண்டு சரியா விழுந்தா அத்தனை பேரும் தண்ணிக்கடியில. அதுக்காக என்னுதை ஓரம் கட்டினீங்க. அப்படி என்ன தலை போற அவசரம்?

— தலை போற அவசரம்தான்! இங்கிலீஷ்காரன் ஒரு ராட்சசனைக் கட்டறான். முப்பது நாட் ஓடும். அதைத் துரத்த நமக்கும் வேகம் வேணும். அந்த வரைபடத்தைக் கொண்டு வந்ததே நான்தான். நெஞ்சுல தொங்குதே இந்தப் பதக்கம், எதுக்குன்னு நினைச்சீர்?

— அழகுக்குன்னு நினைச்சேன்.

— உம்ம நாக்கை அறுத்தா ஒரு டன் குறையும்.

— எங்க கிடைச்சுது அது?

— ராட்டர்டாம்ல, ஒரு ஹோட்டல்ல. வித்தவன் லண்டன் கடற்படை ஆபீஸ்ல குமாஸ்தா. சூதாட்டத்துல கழுத்து வரைக்கும் கடன். பாவம், பையைக் கொடுக்கும்போது வாசலையே பாத்துட்டு இருந்தான்.

— பையில வச்சா கொடுத்தான்?

— பழுப்புப் பை. அதுக்கென்ன?

— ஒண்ணுமில்ல. அந்த ராட்சசன் மேடையில நிக்கிறதை யாராச்சும் பாத்தாங்களா?

— ரகசியமாக் கட்டற கப்பலை எவனய்யா பாக்க முடியும்?

— அவங்க ஊர் மதகுல அது நுழையுமா?

— அவன் மதகை நான் எதுக்கு அளக்கணும்?

— சரி, கடைசியா ஒண்ணு. எவ்வளவு பேரம் பேசினான்?

— யாரு?

— கழுத்து வரைக்கும் கடன் இருக்கிற குமாஸ்தா.

— பேரமா? அவன் எங்க பேசினான்? நான் சொன்ன முதல் தொகைக்கே தலையாட்டிட்டு, காப்பி கூடக் குடிக்காம... ஹார்ம்ஸ்.

— சொல்லுங்க.

— ஹார்ம்ஸ், அந்த ராட்சசனும் வெறும் காகிதம்தானா? அப்போ கீழ அந்த ரெண்டு மேடை...

— காலியாகப் போகுது. உக்காருங்க கேப்டன், முகம் வெளுத்திருக்கு. இந்தாங்க, என் கப்பலை விரிக்கிறேன். டன்னுக்கு டன் தாராளமாப் பேரம் பேசுங்க. ஆனா ரொட்டி அடுப்பு ரெண்டுதான்.