ஏறாத ஏணி

இரவு ஒன்றே கால். விண்கல ஆலையிலிருந்து ஊருக்கு வரும் இருபது கிலோமீட்டர் ரோடு. விளக்கு கிடையாது, வீடு கிடையாது... குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. சிரிக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் மாமனாருக்கு நடந்தது.

ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘ரெண்டாம் கையெழுத்து’. விண்கலத்தின் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாமல் காப்பது அதுதான். ஒருவர் ஏணியில் ஏறி, மசகு பூசிய வளையத்தின் மேல் விரலை ஓட்டி, தூசி தும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு இரண்டாவது ஆள் ஏறி, அதேபோல் ஓட்டிப் பார்ப்பார். இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே கதவுக்கு முத்திரை வைப்பார்கள்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் அந்த வளையத்தில் ஒரு வெள்ளை நூல் கிடந்தது. கையுறை நூல். திரும்பி வரும் வழியில் காற்றெல்லாம் கசிந்து, உள்ளே இருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள்.

விசாரணையில் மாமனார் சொன்னார்: “நான் பார்த்தப்போ சுத்தமா இருந்துச்சு சார்.”

அப்படியானால், பயணிகள் ஏறும்போது அவர்கள் கையுறையிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். செத்தவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறார்கள்?

உண்மை என்னவென்றால், அன்று மாமனாருக்கு முழங்கால் வலி. ஏணிப் பக்கமே போகவில்லை. முதல் ஆள் பார்த்துவிட்டானே என்று கீழே நின்றபடியே கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

வருடா வருடம் அந்தத் தேதியில் ஆலையில் நினைவுக் கூட்டம் நடக்கும். மேடையில் மூன்று காலி நாற்காலிகள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுப்பது யார்? மாமனாரேதான். “பயணிங்க கையுறையை நல்லாச் சோதிக்கணும்” என்பார். நாற்காலிகள் கண்ணில் பட்டால் பேச்சை நிறுத்துவார். தண்ணீர் குடித்துவிட்டு மேலே பேசுவார்.

நான் சொல்லும் அந்த நாளிலும் பேசிவிட்டு, நான்கு நாளில் மூன்று பேரோடு கிளம்பவிருந்த புதிய கலத்தின் வேலையையும் முடித்துவிட்டுத்தான் அந்த ரோட்டில் வந்துகொண்டிருந்தார்.

டிங்... டிங்... டிங்...

பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. பின்சீட்டில் ஆள் ஏது? வண்டியை நிறுத்தினார். விண்ணிலிருந்து திரும்பி வந்த கலத்தில் அடிக்கும் அதே கருகிய வயர் நாற்றம். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பழக்க தோஷம்... வாய் தானாகச் சொன்னது.

“பார்த்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு.”

மணி நின்றது.

கிளிக். கிளிக். கிளிக்.

அப்புறம்... ஸ்ஸ்ஸ்ஸ். எங்கேயோ மெல்லிய கசிவு. காது அடைத்தது. மூச்சை இழுத்தார், காற்று வரவில்லை. கதவைத் தள்ளினார், அசையவில்லை. பின்னால் மூன்று பேர் மூச்சுக்குத் திணறும் சத்தம்.

“நான் ஏறலைப்பா! ஏணியில ஏறவே இல்லை! பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்... பழியை உங்க தலையில போட்டுட்டேன்!”

காற்று வந்தது. ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். பிறகு வண்டியை ஆலைக்கே திருப்பினார். மேலாளரை எழுப்பி வரவழைத்து, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்.

மேலாளர் படித்து முடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “அப்போ புதுக் கலத்துல யாராவது ஏறிப் பார்த்தாங்களா?”

சோதித்ததாகக் கையெழுத்துப் போட்ட இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இருவருமே ஏறவில்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. அவர்களுக்கு வேலை பழக்கியதே மாமனார்தான்.

முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். வளையத்தில் ஒரு வெள்ளை நூல் கிடந்தது.

மேலாளர் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். “மூணு உயிரைக் காப்பாத்திட்டீங்க.”

மாமனார் நிமிரவே இல்லை. “இந்தத் தடவையும் நான் பார்க்கலை சார்” என்று வளையத்தைக் காட்டினார்.

யார் விரலுமே படாத மசகின் மேல் விரல் ஓட்டிய தடம் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. கதவின் உள்பக்கத்திலிருந்து ஓட்டியவை. சுற்றி வந்த மூன்று தடங்களும் அந்த நூலுக்கு முன்னால் நின்றிருந்தன.