துண்டு விலகிய நொடியும் அச்சேறாத படமும்

காவிரி கரைபுரண்டாலும் கடைவீதி கொந்தளித்தாலும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாய்க் களம் கண்டவரே, நம் நாளிதழின் தென்னூர் அலுவலகப் புகைப்படப் பிரிவை முப்பத்தொரு ஆண்டுகள் தாங்கி நின்ற பெருந்தகையீர், எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய ஜெகபர் அலி அவர்களே, வணக்கம்.

பணிநிறைவுப் பாராட்டு மடலில் பண்புகளை அடுக்குவது வழக்கம். செய்தி ஆசிரியன் சிவசங்கராகிய என்னிடம் இதை எழுதச் சொன்ன நண்பர்களோ, "அம்மா மண்டபம் கேஸை எழுதுங்க, அது போதும்" என்றார்கள். அதில் தவறியவன் நான் என்பதால் முதலில் தயங்கினேன். பிறகு, நானே எழுதுவதுதான் முறை என்று தோன்றியது.

2017, தை அமாவாசைக் காலை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஓய்வுபெற்ற ஆசிரியை யமுனாவின் சங்கிலியை அறுத்த ஒருவன், அவரைத் தள்ளிவிட்டுக் கூட்டாளியோடு ஓடினான். கல்லில் தலை மோதி யமுனா இறந்தார். இருவரின் முகத்தையும் அருகில் பார்த்தவர் பூ விற்கும் பொன்னுத்தாய் மட்டுமே. நான்காம் நாள் இரண்டு பேரைக் கைது செய்து, முகத்தைத் துண்டால் மூடி நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய நெரிசலில் இருவரின் துண்டுகளும் விலகின. அந்த நொடி உங்கள் கேமராவுக்கு மட்டுமே வாய்த்தது.

"முதல் பக்கத்துல அஞ்சு காலம் அகலத்துக்குப் போடுறோம் பாய், வேற யாருக்கும் கிடைக்கல" என்றேன்.

"வேணாம் சார். ஜெயில்ல அடையாள அணிவகுப்பு இன்னும் நடக்கல. பத்து பேரோட இவங்களையும் நிறுத்தி அந்தப் பூக்கார அம்மாவை அடையாளம் காட்டச் சொல்லுவாங்க. நாளைக்குப் பேப்பர்ல பார்த்துட்டு அவங்க கை காட்டுனா, படித்துறைல பார்த்த முகத்தைக் காட்டுறாங்களா, நாம காட்டுன முகத்தையான்னு யாருக்குத் தெரியும்?"

"கொலைகாரனைக் காப்பாத்துறீங்களா?"

"செஞ்சாங்களா இல்லையான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது சார்." சொல்லிவிட்டு மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

படம் உங்களிடம் இருப்பதை யமுனாவின் மகள் இளவேனிலிடம் சொன்னவன் நான்தான். மறுநாள் அவர் அலுவலகம் வந்து, உங்கள் மேசைமுன் நின்று, "எங்கம்மாவைக் கொன்னவன் மூஞ்சிய ஊரு பார்க்கக் கூடாதா?" என்று அழுதார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "கேஸ் முடியட்டும்மா" என்றீர்கள். அதன்பின் எட்டு மாதம் உங்களை மலர்க் கண்காட்சிக்கும் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைச் சங்கக் கூட்டத்துக்கும் மட்டுமே அனுப்பினேன். அந்தப் படங்களும் குறையின்றி, குறித்த நேரத்தில் வந்தன.

அணிவகுப்பில் பொன்னுத்தாய் ஒருவனைச் சுட்டிக் காட்டினார். கைதான மற்றவரை இருமுறை பார்த்து, "இவரு இல்லைங்க" என்றார். அவர் விடுவிக்கப்பட்டார்; உண்மையான கூட்டாளி மூன்று மாதம் கழித்துப் பிடிபட்டான். விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "இந்த முகத்தை முதல்ல எதுல பார்த்தீங்க? பேப்பர்லயா, டிவிலயா?"

"எதுலயும் வரலைங்களே. படித்துறைலதான் பார்த்தேன்."

அந்தச் சாட்சியத்தை யாராலும் அசைக்க முடியவில்லை. தீர்ப்பு வந்த வாரம் இளவேனில் மீண்டும் வந்தார். "அன்னிக்குப் பேசினதை மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றார். "உங்க கோபத்துல தப்பே இல்லம்மா, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். கேட்க வேண்டிய நான் அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த அவையில், எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன்.

தண்டனைக்குப்பின் வெளியிட அந்தப் படத்தைக் கேட்டபோது, விடுதலையானவர் இருந்த பாதியை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தீர்கள். அவர் இன்று அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். டீக்கடையில் அவரைத் திரும்பிப் பார்ப்பவர் எவருமில்லை. அவர் பெயரை நாங்களும் இங்கே எழுதவில்லை.

விருதுகளால் வளராத, விளம்பரத்தால் வளையாத வல்லுநரே, கண்ணொளி மங்காமல், கால்வலி அண்டாமல், இல்லத்தாரோடு இனிது நெடுநாள் வாழ்வீராக. யாரும் அனுப்பாமல் நீங்களே தேர்ந்தெடுக்கும் இடங்களுக்கு இனிக் கேமராவோடு போய்வாருங்கள்.

என்றும் மறவா அன்புடன்,
சிவசங்கர், செய்தி ஆசிரியர்,
மற்றும் ஆசிரியர் குழுவினர், அச்சகப் பணியாளர்கள்
தென்னூர், திருச்சிராப்பள்ளி