மந்திரித் தங்கச்சி

"ஹலோ... ஆமாண்ணே, நான்தான்... ஆமா, ஆமா, டிவியில வந்தது நிஜம்தான். பட்டறையை மூடுறாங்க... சரி, மூடுறோம். 'மூடுறோம்'னுதான் நான் சொல்லணும்."

அமைச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சரிந்தாள். அண்ணன் வெல்டராக இருக்கும் ரயில் பட்டறை அது. இலாகாவோ அவளுடையது. அமைச்சரவைக் கூட்டத்தில், மூடவே கூடாது என்று தொண்டை வறளக் கத்தியவள் அவள் ஒருத்திதான், கத்தியும் தோற்றுப்போனாள். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாதென்று பதவியேற்ற அன்றே சத்தியம் செய்திருக்கிறாள். இன்னும் சற்று நேரத்தில் சபையில் எழுந்து அறிக்கையை வாசிக்க வேண்டியவளும் அவளேதான். என்ன பிழைப்போ!

"சாப்பிட்டேன்... பொய் இல்லண்ணே... ம்... யாரு, உங்க மக சொன்னாளா, அங்க மந்திரிங்க ஓட்டுக்கே நிக்கிறதில்லன்னு? அவ இருக்கிற நாட்டுல கதையே வேற. அங்க ஜனாதிபதி தனக்கு வேண்டியவங்களைக் கூப்பிட்டு மந்திரியா வெச்சுக்குவார். பிடிக்கலேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவார். ஓட்டு கேட்டு யார் வாசல்லயும் நிக்க வேண்டியதில்ல. நான் அப்படியா? நீங்க ஏணி போட்டு ஏறி போஸ்டர் ஒட்டித்தானே இங்க வந்து உக்காந்திருக்கேன்... மறக்கலண்ணே... மறக்கவே இல்ல... ஐயோ, கத்தாதீங்க!"

உதவியாளர் கதவைத் திறந்து கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். வருகிறேன் என்று தலையசைத்தாள்.

"ராஜினாமாவா? எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்?... நாளைக்கே வேற ஒருத்தர் வந்து இதே காகிதத்தை வாசிப்பார். நான் இருந்தா, உங்க ஆளுங்களுக்கு வேற பட்டறையில வேலையாவது கேட்டு வாங்கலாம்... யாரு, பட்டறை கேட்ல நிக்கிற உங்க ஆளுங்ககிட்டயா? என்னன்னு சொல்லிட்டு வந்தீங்க?... 'என் தங்கச்சி உள்ள சண்டை போட்டிருப்பா'ன்னா?... ஐயோ அண்ணே, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழுகையாக வந்தது.

"இல்ல, அதை நான் சொல்லக் கூடாது... உங்ககிட்டயும்தான்... எதிர்த்தேனா இல்லையா, ஒரே வார்த்தையா..."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள்.

"எல்லாருமாச் சேர்ந்து எடுத்த முடிவுண்ணே... ஆமா... ஆமா, என்னோட முடிவும்தான்... அண்ணே?... அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"